முகம் கொடுக்காதவனெல்லாம் திமிர் பிடித்தவனா?

குன்னூரில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். பிறரோடு பழகுவதும் புலன்களால் உணர்வதும் பிறவியிலேயே வேறு விதமாக அமைந்த நிலைதான் ஆட்டிசம். அது உள்ள இளைஞர்களின் பெற்றோர் என்னிடம் கொண்டுவரும் குறைகளில் பாதி, பிள்ளை செய்ததைப் பற்றியதல்ல. ஊர் சொன்னதைப் பற்றியது. "பெரியவங்க வந்தா எழுந்திருக்க மாட்டேங்கிறானாம்", "முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறானாம்." கடைசியில் எல்லாம் 'திமிர்' என்பதில் வந்து நிற்கும்.

நம் ஊரில் கண்ணைப் பார்ப்பதற்கே ஒரு கணக்கு உண்டு. நேராகப் பார்த்தால் முறைக்கிறான், பார்க்காவிட்டால் மதிக்கவில்லை. எப்போது பார்ப்பது, எப்போது தாழ்த்துவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை, மற்றவர்கள் தாமாகவே பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவருக்கு அது அப்படி வருவதில்லை. சிலருக்குக் கண்ணைப் பார்த்துக்கொண்டே பேச்சைக் கவனிப்பது பெரும்பாடு. டிசம்பர் உறைபனியில் ஸ்வெட்டர் போடாமல் நிற்பதும் வீம்பு இல்லை. கம்பளி உறுத்துவது சிலருக்குத் தாங்க முடியாது.

2017இல் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர் நோவா சாசன் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசிய சிறு துண்டுகளை அறிமுகமில்லாதவர்களிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்கள். வீடியோவோ, குரலோ, வெறும் புகைப்படமோ, எதைக் கொடுத்தாலும் ஆட்டிசம் உள்ளவர்களோடு பழகும் ஆர்வம் குறைவாகவே இருந்தது. பேசியதை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசமே காணாமல் போயிற்று! அப்படியென்றால் கோளாறு பேச்சின் சரக்கில் இல்லை.

ஊட்டியில் ஒரு சாக்லேட் கடை. பேக்கிங் வேலைக்கு ஓர் இளைஞன் போயிருந்தான். முதலாளி கேள்வி கேட்கக் கேட்க, இவன் லேசாக முன்னும் பின்னும் ஆடியபடி தராசையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். "ஏன்ப்பா இந்த வேலைக்கு வரணும்னு நினைக்கிற?" கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், ஒரே சுரத்தில்: "தட்டு காலியா இருக்கு. ரெண்டு கிராம் காட்டுது."

முதலாளி கடுப்பாகிவிட்டார். அவர் எனக்குத் தெரிந்தவர்தான். ஆட்டத்தையும் முகத்தையும் விட்டுவிட்டு, அவன் சொன்னதை மட்டும் ஒரு தாளில் எழுதிப் படித்துப் பாருங்கள் என்றேன். படித்துவிட்டுச் சிரித்தார். "சரி, ஒரு வாரம் வந்து பாக்கட்டும்."

வேலை கொடுப்பவர்களுக்கு என் யோசனையும் இதுதான். கேள்விகளை முந்தின நாளே எழுதிக் கொடுங்கள். முடிந்தால் பேச்சைக் குறைத்து வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பெற்றோரே, "என் கண்ணைப் பாரு" என்று பிள்ளையைப் போட்டு வாட்டாதீர்கள். நாளெல்லாம் மற்றவர்களைப் போல நடித்துவிட்டு வீட்டுக்கு வந்து துவண்டு விழும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

ஆட்டிசம் என்று முன்கூட்டியே தெரிந்தால் பார்ப்பவர்களின் அபிப்பிராயம் மேம்படுகிறது என்பதையும் சாசனின் பின்னாளைய ஆய்வு காட்டியது. ஆனால் சொல்வதா வேண்டாமா என்பதை அந்தப் பையனோ பெண்ணோ முடிவு செய்யட்டும். அவர்களைக் கேட்காமல் அம்மாவோ அப்பாவோ முதலாளிக்குப் போன் போட வேண்டாம்.