நீச்சல்குள ஆசிட்டும் பூட்டன் கல்லறையும்

போன வாரம் இன்னொரு வீடியோ. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, பழைய கரும்புத் தோட்டத்து இடுகாடு. ஒரு தம்பி பூட்டனார் கல்லறைமேல், நீச்சல்குளத்துக்கு ஊற்றும் ஆசிட்டை ஊற்றுகிறார். நுரை பொங்குகிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் கல் பளிச்சென்று வெளுக்கிறது. கீழே கமெண்டில் வரிசையாகக் கும்பிடும் கைகள், அழும் முகங்கள். கல்லறைக் கற்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். என் கண்ணில் பட்டது வேறு: 'முனியன்' என்பதில் கடைசிப் புள்ளி இல்லை, அதற்குக் கீழே, தகப்பன் பெயர் இருந்த வரியில் வெறும் தடம்.

நுரை வந்தால் அழுக்குப் போகிறது என்று யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ! அது பளிங்கு. பளிங்கு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. முட்டை ஓட்டை வினிகரில் போட்டுப் பாருங்கள், அங்கேயும் நுரைக்கும். ஓட்டில் என்ன அழுக்கு? ஓடேதான் கரைகிறது. எலுமிச்சை, புளி எல்லாம் அதே கதை, கொஞ்சம் மெதுவாக. குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை கல்லைக் கண்டாலும் சும்மா இருப்பதில்லை. அது பித்தளை அம்மா, இது கல்!

1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். கப்பல் பதிவேட்டில் எண், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் உண்டு. ஆனால் அதில் எத்தனை முனியன், எத்தனை முனுசாமி! உங்கள் முனியனைப் பிரித்துக் காட்டுவது அந்த இரண்டாம் வரிதான்.

படம் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் கழுவவே வேண்டாம். மாவு, சாக்பீஸ் எதுவும் பூசாதீர்கள். வெயில் சாய்ந்ததும் போங்கள். இல்லாவிட்டால் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெளிச்சத்தைச் சரித்து விடட்டும். எழுத்து தானாக எழுந்து நிற்கும். பழைய 'ணை', 'றா' வடிவம் புரியவில்லையா, வீட்டுப் பெரியவரிடம் காட்டுங்கள்.

கழுவியே தீரவேண்டுமா? நல்ல தண்ணீர், மெத்தென்ற பிரஷ், கீழிருந்து மேலே. அவ்வளவுதான். கல் சர்க்கரை மாதிரி கையில் உதிர்ந்தால் தொடாதீர்கள். சூடத்தைத் தட்டில் ஏற்றுங்கள், கல்மேல் வேண்டாம். அப்புறம், நகராட்சி இடுகாட்டுக்கு வெளியே இருக்கும், 60 வருடம் தாண்டிய கல்லறையை மாற்றவோ பெயர்க்கவோ 1999-ஆம் ஆண்டு மரபுவளச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

அந்தத் தம்பி நேற்று கூப்பிட்டார். "அண்ணா, சரி பண்ண முடியுமா?"

முடியாது. பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அத்தை வீட்டு ஆல்பத்திலிருந்து ஒன்றை அனுப்பினார். கல்லுக்கு முன்னால் அத்தை நிற்கிறார். இரண்டாம் வரியில் 'கோவி' மட்டும் தெரிகிறது. மீதியைச் சேலை மறைக்கிறது.