புரோகால்சிடோனின்: தீக்காய வார்டில் ஒரு தைராய்டுச் சரக்கு

தீபாவளி முடிந்த வாரம் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “தீக்காயம் பட்டவருக்கு எப்படியும் காய்ச்சல் அடிக்கும், நாடியும் எகிறும். அப்புறம் அவருக்குச் செப்சிஸ் வந்துவிட்டது என்று டாக்டர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்?”

தீக்காயப் பிரிவு டாக்டர்களுக்கே தினமும் தலைவலி கொடுக்கிற கேள்வி இது. செப்சிஸ் என்பது வெறும் தொற்று இல்லை. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடல் நிதானம் தவறி, சிறுநீரகம், நுரையீரல் என்று சொந்த உறுப்புகளையே கெடுத்துக்கொள்வது. காய்ச்சல், படபடப்பு, மூச்சிரைப்பு, வெள்ளணுக்களின் ஏற்றம் ஆகியவை மற்ற நோயாளிகளிடம் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் தோலில் 40 சதவீதம் வெந்துபோனவருக்குக் கிருமியே இல்லாமலும் இவை அத்தனையும் இருக்கும். வெந்த செல்கள் உடையும்போது அவற்றுக்குள் இருந்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் ரத்தத்தில் கொட்டுகிறது. மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்ததுதானே! நோய் எதிர்ப்புச் செல்கள் அதன் டி.என்.ஏ.வைப் பார்த்ததும் கிருமி வந்துவிட்டதென்று அலறுகின்றன.

அதனால்தான் அமெரிக்கத் தீக்காயச் சங்கம் 2007-ல் தனி அளவுகோல் வகுத்தது. அதன்படி உடல் வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான், பெரியவர்களுக்கு நாடி நிமிடத்துக்கு 110-ஐத் தாண்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பலாம், சரி. ஆனால் முடிவு வர ஓரிரு நாளாகும். செப்சிஸ் அதுவரை காத்திருக்காது. எல்லாருக்கும் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் ஏற்றினால், சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்ற தீக்காய வார்டுக் கிருமிகள் அந்த மருந்துக்கும் பழகிவிடும். ரத்தத்தில் ஒரு அழற்சிப் புரதத்தை அளக்கும் சி.ஆர்.பி. பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்கிறது, ஆனால் எந்த அழற்சிக்கும் அது ஏறும். பெரிய தீக்காயத்தில் நாள்கணக்கில் உயரத்திலேயே நிற்கும் ஒரு எண் என்ன சேதி சொல்லிவிடப்போகிறது?

இந்த இடத்தில்தான், செப்சிஸைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் அளக்கப்படும் புரோகால்சிடோனின் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த மூலக்கூறுகளில் ஒன்று, ஏனென்றால் அதற்கு இங்கே வேலையே கிடையாது. அதன் சொந்த ஊர் கழுத்திலுள்ள தைராய்டு. அங்கே ‘சி’ செல்கள் 116 அமினோ அமிலங்கள் கொண்ட புரோகால்சிடோனினைச் செய்து, நொதியால் நறுக்கி, 32 அமினோ அமிலங்கள் கொண்ட கால்சிடோனின் ஹார்மோனாக்கிப் பொட்டலம் கட்டி வைத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் கால்சியம் கூடினால் பொட்டலம் பிரியும். நறுக்காத மூலப்பொருள் வெளியே வருவது அபூர்வம். நலமாக இருப்பவரின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.05 நானோகிராம்கூட இருக்காது.

இதைச் செய்வதற்கான மரபணு உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கிறது, பூட்டிய நிலையில். பாக்டீரியாவின் மேலுறை நச்சும், அதைக் கண்டு உடல் சுரக்கும் இன்டர்லூக்கின் போன்ற சைட்டோகைன்களும் (செல்களுக்கிடையே சேதி சொல்லும் புரதங்கள்) அந்தப் பூட்டைத் திறந்துவிடுகின்றன. உடனே கல்லீரல், தசை, கொழுப்பு என்று சம்பந்தமே இல்லாத திசுக்கள் புரோகால்சிடோனினைச் செய்யத் தொடங்குகின்றன. ஆனால் அவற்றிடம் நறுக்கும் நொதியும் கிடையாது, சேமிக்கும் பொட்டலமும் கிடையாது. ரைஸ் மில் இல்லாத ஊரில் நெல் நெல்லாகவே மூட்டை மூட்டையாகச் சந்தைக்குப் போவதுபோல, சரக்கு அப்படியே ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. கால்சிடோனின் அளவு மட்டும் கூடுவதே இல்லை. தைராய்டை அறுத்து எடுத்துவிட்டவருக்கும் செப்சிஸில் புரோகால்சிடோனின் ஏறுகிறது என்றால் பாருங்கள்! வைரஸ் தொற்றில் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் இந்தப் பூட்டைத் திறக்கவிடாமல் தடுப்பதால், வைரஸ் காய்ச்சலில் பொதுவாக எண் பெரிதாக ஏறுவதில்லை.

1993-ல் அசிக்கோ, போவோன் உள்ளிட்ட பிரெஞ்சு ஆய்வாளர்கள் ‘லான்செட்’ இதழில் இதை முதன்முதலாக விரிவாக எழுதினார்கள். அந்தக் கட்டுரையிலேயே தீக்காய நோயாளிகள் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களிடம் அளவு 0.1 முதல் 120 நானோகிராம் வரை, தொற்றின் போக்கை ஒட்டியே ஏறி இறங்கியது. ஆக, தீக்காய வார்டுக்கு இது பிறகு வந்து சேர்ந்த பரிசோதனை இல்லை.

இவ்வளவு புரோகால்சிடோனின் ரத்தத்தில் சுற்றி என்ன செய்கிறது? செப்சிஸ் வந்த வெள்ளெலிகளுக்கு அதை ஊசியில் ஏற்றியபோது அதிகம் செத்தன. எதிர்ப்பொருளால் அதைத் தடுத்தபோது அதிகம் பிழைத்தன. உடல் ஏன் இப்படித் தனக்கே குழி தோண்டுகிறது என்று யோசித்தால் தூக்கம் வராது.

இரண்டு விஷயங்களில் எனக்குக் கோபம் உண்டு. தீக்காயத்தில் டூத்பேஸ்ட், இங்க், மாவு பூசும் பழக்கம் ஒன்று. காயத்தை மூடி மறைத்து, கிருமிக்கும் இடம் கொடுக்கிற வேலை அது. ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினால் போதும். இன்னொன்று ஆராய்ச்சிப் பணம். ‘எவ்வளவுக்கு மேல் செப்சிஸ்’ என்ற எல்லைக்கோட்டை நம் கிருமிகளையும் நம் நோயாளிகளையும் வைத்து, கீழ்ப்பாக்கம் போன்ற அரசுத் தீக்காயப் பிரிவுகளில் பெரிய அளவில் சோதித்து வகுக்க வேண்டும். சமையலறையில் சேலை பற்றி வருகிற ஏழைப் பெண்களின் நோய் என்பதாலோ என்னவோ, பணம் அந்தப் பக்கம் திரும்ப யோசிக்கிறது.

ஒற்றை எண்ணை நம்பக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய தீக்காயம் பட்ட முதல் ஓரிரு நாளில் கிருமி இல்லாமலே புரோகால்சிடோனின் ஏறும். சிறுநீரகம் கெட்டாலும் கூடுதலாகக் காட்டும். வெந்த தோலை வெட்டி எடுத்து ஒட்டுத்தோல் வைக்கும் அறுவைக்குப் பிறகும் ஒரு துள்ளல் துள்ளும். தொற்று தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறுவதும், அடங்கினால் ஏறக்குறைய நாளுக்குப் பாதியாகக் குறைவதும் அதன் குணம். அதனால் தினமும் எடுத்து, நேற்றைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அறுவை முடிந்த மறுநாள் இறங்க வேண்டிய எண் இறங்காமல் மேலே போனால், பெரிய ரத்தநாளத்தில் செருகியிருக்கும் மத்திய சிரைக் குழாயை மாற்றி, புதிதாகக் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து, முடிவு வரும் முன்பே ஆன்டிபயாட்டிக்கை ஏற்றிவிடுகிறார்கள்.