கம்பி உள்ளுக்குத்தானே கிடக்கு?

இன்னுமொரு கபானா, கடற்கரை விடுமுறைக் குடில். கடலைப் பார்த்த திண்ணை, ஒரு பக்கம் சாய்ந்த கூரை, ஆளுயரக் கண்ணாடி, தூண்களில் தூக்கி நிறுத்திய தளம். படமெடுத்துப் போட்டால் வெளிநாட்டில் இருக்கிறவர் உடனே ஒரு துண்டுக் காணி விசாரிக்கத் தொடங்குவார். கட்டி மூன்று மாரிதான் போயிருக்கிறது. கடற்பக்கத் தூண்களில் அடியிலிருந்து முழங்கால் உயரம்வரை நெடுக்கு வெடிப்பு. பீமின் அடியில் கம்பி ஓடுகிற அதே கோட்டில் தேத்தண்ணிச் சாயம்போலக் கறை. சுத்தியலால் தட்டினால் சிரட்டையைத் தட்டுகிற வெற்றுச் சத்தம்.

"பெயின்ற்றை மாத்தி அடிச்சால் சரி வருமோ?"

வராது.

பூநகரிக் கரையிலிருந்து மன்னார் வரை, கிழக்கே நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம், தீவு, மணல்திட்டு எங்கும் விடுமுறைக் கபானா கட்டுகிற ஆசை பெருகியிருக்கிறது. ஆசையில் பிழையில்லை. வவுனியாவில் வீடு கட்டுகிற மாதிரியே தீவிலும் கட்டலாம் என்ற நினைப்பில்தான் பிழை. அந்த நினைப்புக்கு முட்டுக்கொடுத்து நிற்பது ஒரேயொரு வசனம்: "கம்பி கொங்கிறீற்றுக்குள்ளைதானே கிடக்கு, காத்துப் படாது, தண்ணி படாது, பிறகென்னண்டு கறள் பிடிக்கும்?"

கொங்கிறீற்று கருங்கல் அல்ல. அது துளை நிறைந்த பொருள், பஞ்சின் தூரத்துச் சொந்தம். கம்பியைக் காப்பாற்றுவது கொங்கிறீற்றின் தடிப்பு அல்ல, அதன் காரம். பி.எச். 12.5க்கு மேற்பட்ட அந்தக் காரத்தில் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பிடிக்கும். அந்தப் படலம் இருக்கும்வரை கறள் இல்லை. உப்பிலிருக்கிற குளோரைட் போதிய அளவு சேர்ந்தால் காரம் அப்படியே இருக்கும்போதே அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். பிறகு, தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைக் கறள் பிடிக்கும். உள்ளே இடமில்லை, ஆகவே கொங்கிறீற்று வெடிக்கிறது. வெடிப்பைக் கண்டு "வெயிலுக்கு வெடிச்சது" என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெயில் கம்பியின் கோடு பார்த்து வெடிப்பதில்லை.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது? உப்புக் காற்று என்பார்கள். சோளகக் காற்றில் மேற்குக் கரைக்கு வருகிற கடல் துவானம் பொல்லாததுதான். ஆனால் அது மேலிருந்து உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட வருடங்கள் வேண்டும். மூன்றே வருடத்தில் வெடித்த தூணுக்கு உப்பை ஊட்டியது காற்று அல்ல, கலவை குழைத்த நாள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பை சீமெந்து 50 கிலோ. கம்பி போட்ட கொங்கிறீற்றில் சீமெந்து எடையின் 0.4 வீதத்துக்குமேல் குளோரைட் இருக்கக்கூடாது என்பது பரவலாக ஏற்ற எல்லை, அதாவது பைக்கு 200 கிராம். சீமெந்து ஒன்றுக்கு மணல் இரண்டு, சல்லி நாலு என்ற கலவையில் ஒரு பைக்கு மணல் ஏறக்குறைய 105 கிலோ. கரையிலிருந்து அள்ளிய ஈரமணலில் 8 வீதம் கடல்நீர் என்றால் 8 லீற்றர். கடல்நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைட். மணலோடு மட்டும் 150 கிராம் வந்துவிட்டது. வழக்கமாகச் சேர்க்கும் 25 லீற்றரில் மிச்சம் 17 லீற்றரைத் தீவின் உவர்க் கிணற்றில் அள்ளுகிறீர்கள். அதில் லீற்றருக்கு 3 கிராம் இருந்தால் இன்னும் 50. எல்லை முடிந்தது. பலகை கழற்றுவதற்கு முன்பே, ஒரு துளி துவானம் படுவதற்கு முன்பே.

உடனே வருகிற பதில்: "மணலைக் காயவிட்டுத்தான் போட்டனாங்கள்." காய்ந்தால் போவது தண்ணீர். உப்பு மணலில்தான் நிற்கும், ஆனையிறவு உப்பளத்தில் நடப்பது அதுதான். "ஒரு மாரி முழுக்க மழையில் நனைஞ்ச குவியல்" என்பது அடுத்த பதில். குவியலின் மேல்பக்கம் கழுவுப்பட்டிருக்கும், அடிப்பக்கம் மேலிருந்து இறங்கிய உப்பையும் சேர்த்து வைத்திருக்கும். அரையடி உயரத்துக்குப் பரப்பி, நல்ல தண்ணீரால் பலதரம் கழுவி, வழிந்தோடவிட்டு, பிறகு சோதித்தால் சரி. அவ்வளவு நல்ல தண்ணீர் தீவில் இருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அதோடு கரைமணலின் பருக்கைகள் ஒரே அளவானவை. கூடத் தண்ணீர் குடிக்கும், கூடத் துளை விடும். ஆற்றுமணல் விலை என்பது உண்மை. ஒரு சின்னக் கபானாவுக்குத் தேவையான ஆற்றுமணலின் விலையை அந்தக் கண்ணாடிக் கதவின் விலையோடு ஒப்பிட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

மூன்றாவது வாதம் படித்தவர்களிடமிருந்து வரும்: "மன்னார்க் கோட்டை போர்த்துக்கேயன் காலத்திலையிருந்து கடலோடை நிக்குதே?" நிற்கிறது. 1560இல் தொடங்கி, ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய அந்தச் சுவர்களில் கல்லும் சுண்ணாம்பும் இருக்கின்றன, கம்பி இல்லை. கறள் பிடிக்க ஒன்றுமில்லாதது கறள் பிடிக்காது. அதையே ஒரு யோசனையாக எடுத்துக்கொள்ளலாம்.

தீவில் கபானா கட்ட நல்ல வழி, கம்பிக் கொங்கிறீற்றை முடிந்தவரை விட்டுவிடுவது. அத்திவாரத்துக்குக் கம்பியில்லாத கொங்கிறீற்றுக் கட்டிகள். 2 அடிச் சதுரம், 2 அடி ஆழம் என்றால் ஒரு கட்டி 500 கிலோவுக்கு மேல், பாரமில்லாத மரக்கபானாவைக் காற்று தூக்காமல் பிடிக்க அந்தப் பாரம் உதவும். (அலை அரிக்கிற இடமென்றால் 2 அடி போதாது. அங்கே கட்டவே வேண்டாம்.) கட்டியின் தலையை மணலுக்குமேல் 6 அங்குலமாவது உயர்த்துங்கள். மரத்தூணை மணலில் புதைக்காமல், கட்டியில் பதித்த உலோகக் காலில் சிறு இடைவெளிவிட்டு நிறுத்துங்கள். அடிமுகம் காய வழி இருக்க வேண்டும், கறையான் ஏறுவதும் கண்ணில் பட வேண்டும். பாலை, முதிரை, வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை எல்லாம் நம் கண்முன்னே நிற்கின்றன. தறிப்பதற்கும் ஏற்றுவதற்கும் அனுமதி எடுத்துச் செய்யுங்கள். போல்ட், ஆணி, திருகாணி 316 இலக்கத் துருவேறா உருக்கு. 304 மலிவுதான், கடலோரத்தில் அதிலும் பழுப்புக் கறை பிடிக்கும். தடித்த நாகப்பூச்சுப் போட்டதும் பரவாயில்லை. சாதாரண இரும்பு ஆணியை மட்டும் அலுமினியச் சீற்றில் அடிக்காதீர்கள்.

இதில் இன்னொரு இலாபம்: மரச்சட்டங்களை இரண்டு பேர் தூக்கும் துண்டுகளாகக் கரையில் வைத்தே துளையிட்டு, இலக்கம் எழுதி, படகில் ஏற்றலாம். சல்லியும் சீமெந்தும் ஏற்றக் கொடுக்கிற கூலியை இது குறைக்கும். சீமெந்து ஏற்றியே ஆகவேண்டுமென்றால் ஒவ்வொரு பையையும் தனித்தனியாகப் பொலித்தீனில் சுற்றுங்கள். மேலே ஒரு படங்கு போர்த்துவது போதாது. படகின் அடியில் நிற்கிற கடல்நீர் கீழிருந்துதான் நனைக்கும்.

"இல்லை, கொங்கிறீற்றுத்தான் வேணும்" என்றால் விட்டுக்கொடுக்க முடியாதவை இவை. ஆற்றுமணல். நல்ல தண்ணீர்: கம்பி போட்ட கொங்கிறீற்றுக்கு லீற்றருக்கு 1,000 மில்லிகிராம் குளோரைட்டுக்குமேல் கூடாது. சோதிக்க வசதியில்லையென்றால் வாயில் வைத்துப் பாருங்கள், கரித்தால் வேண்டாம். தண்ணீர் ஏற்ற முடியாது என்று சொல்லாதீர்கள். ஒரு கன மீற்றருக்கு 8 பை, பைக்கு மணலின் ஈரத்தையும் சேர்த்து 22 லீற்றர். நான்கு கன மீற்றருக்கு 700 லீற்றர் சொச்சம். ஒரு 1,000 லீற்றர் தாங்கியில் அடங்கிவிடும். இன்னும் சுகமான வழி, முதலில் சாமான் கொட்டிலைக் கட்டி, அதன் கூரைத் தண்ணீரை மாரியில் தாங்கியில் பிடித்துவிட்டு, தையில் வேலையைத் தொடங்குவது. 60 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 6,000 லீற்றர். வழிவது போக 5,000 கையில் நிற்கும்.

கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் இடையே 50 மில்லிமீற்றர், இரண்டு அங்குலம். நம் மேசன்மார் கைப்பழக்கத்தில் ஓர் அங்குலம் விடுவார்கள், அதுவும் பலகை அசைந்தால் அரையாகும். ஓட்டுத்துண்டு, பலகைத்துண்டு வைத்துக் கம்பியைத் தூக்காதீர்கள். அதே கலவையில் வார்த்த கட்டைகள் வையுங்கள். கட்டுக்கம்பியின் வால்களை உள்ளே மடியுங்கள், வெளியே நீட்டிய ஒரு வால் உப்புக்கு வாசல். கலவையை அதிரவைத்து இறுக்குகிற வைபிரேற்றர் இல்லாமல் ஊற்றிப் பொக்கு விழுந்த தூணைச் சாந்தால் மெழுகி மறைக்க வேண்டாம், தயவுசெய்து. வார்த்த பிறகு ஏழு நாளாவது நனைக்க வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரால். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டுக் கடைசியில் வாளியால் கடல்நீர் அள்ளி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கருவாட்டுச் சாக்கைத் தூணில் சுற்றி நனைக்கிறவர்களும் இருக்கிறார்கள். என்ன சொல்ல.

கூரையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரை கடந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அள்ளிய புயல் மன்னாரையும் விட்டுவைக்கவில்லை. காற்று கூரையை அமுக்குவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. படத்துக்கு அழகான ஒருபக்கச் சரிவைவிட நாலுபக்கச் சரிவு, 30 பாகை அளவில், நல்லது. சிலாகையிலிருந்து அத்திவாரம்வரை ஒவ்வொரு மூட்டும் பட்டியாலோ போல்ட்டாலோ தொடர்ச்சியாகப் பிடித்திருக்க வேண்டும். திண்ணைக் கூரையைத் தனியாகப் போடுங்கள். போனால் அது மட்டும் போகட்டும். சீற்றில் முதலில் கறள் பிடிப்பது மழை கழுவாத தாழ்வாரத்து அடிப்பக்கம். ஆண்டுக்கு இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீர் விசிறிவிடுங்கள்.

கடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது என்பதற்கு மன்னாரின் அரிப்புக் கிராமத்தில் ஒரு பாடம் நிற்கிறது, அல்லது விழுந்துகொண்டிருக்கிறது. முத்துக்குளிப்பைப் பார்க்க ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை, நாங்கள் அல்லிராணிக் கோட்டை என்பது. கட்டடத்தில் பிழையில்லை, அதன் காலடி மண்ணைக் கடல் எடுத்தது. சட்டமும் இருக்கிறது: 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம், அதற்குள் கட்ட அனுமதி வேண்டும். 600 மீற்றர் அகலமில்லாத தீவென்றால் முழுத்தீவுமே அதற்குள்தான்.

கிணறு பற்றி ஒரு வேண்டுகோள். சின்னத்தீவில் நல்ல தண்ணீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்குமேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி. மோட்டர் போட்டு ஓரடி இறக்கினால் உப்பு கீழிருந்து அதே விகிதத்தில் ஏறப் பார்க்கும். 1992இல் இடம்பெயர்ந்து 2018இல் திரும்பிப் போன இரணைதீவுச் சனத்துக்கு ஒரு வாளி நல்ல தண்ணீரின் அருமை தெரியும். நாலு குளியலறைக் கபானாவுக்கு அந்தக் கிணற்றில் குழாய் இறக்காதீர்கள். கூரைத் தண்ணீரில் குளிக்கலாம். மலக்குழியைக் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளுவது வழக்கம், மணலில் அதை நம்ப முடியாது. அடைத்த தாங்கி அல்லது உக்கல் மலசலகூடம்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு: பீமின் அடியையும் தூண்களின் காலையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தைச் சோக்கால் வட்டமிடுங்கள். வெடித்த துண்டை மட்டும் சுரண்டிப் புதுச் சாந்து பூசினால், ஓரிரு வருடத்தில் பூச்சின் ஓரத்திலேயே அடுத்த வெடிப்பு வரும். கறள் பிடித்த இடம் அதுவரை தான் தின்னப்பட்டுப் பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, நீங்கள் அதை நிறுத்திவிட்டீர்கள். கம்பியின் பின்பக்கம்வரை கொத்தி, வெள்ளையாகத் தேய்த்து, மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்த்து, உப்பில்லாத கலவையால் மூடவேண்டும். உப்பு தூண் முழுக்க இருந்தால் தூணையே மாற்றவேண்டி வரும். முட்டுக்கொடுக்காமல் கீழே நின்று கொத்தாதீர்கள். முட்டு நிற்கிறவரை அந்தத் திண்ணையில் விருந்தாளிகளை இருத்தாதீர்கள்.