கையைத் தூக்குங்கள், சீட்டைத் தொடாதீர்கள்

போன மாதம் சிங்கப்பூரில் ஒரு கார்டுக் கடையில் போட்டி. மூன்றாம் சுற்று நடந்துகொண்டிருந்தபோது "ஜட்ஜ்!" என்று குரல் கேட்டுப் போனேன். பதினாறு வயதிருக்கும் பையன், முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். இரண்டு சீட்டு எடுக்க வேண்டிய இடத்தில் மூன்று எடுத்துவிட்டான். ஸ்லீவ் (சீட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை) புதிது, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பார்ப்பதற்குள் மூன்றும் கையிலிருந்த மற்ற சீட்டுகளோடு கலந்துவிட்டன. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "அண்ணே, நான் ஏமாத்தல" என்றான்.

மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டின் போட்டிகளில் ஜட்ஜாக நிற்கும் எல்லோருக்கும் பழகிப்போன பேச்சு இது. தவறு நடந்தாலே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று புதிதாக ஆட வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை.

இருவரையும் சீட்டுகளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். இந்த முறை தொடங்கும்போது கையில் எத்தனை இருந்தது, அப்புறம் என்னென்ன ஆடினாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். எண்ணிக்கை ஒத்துப்போனது. பிறகு பையன் தன் கையிலிருந்த எல்லாச் சீட்டுகளையும் எதிராளிக்குக் காட்டினான். எதிராளி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதைப் பையனின் டெக்கில், அதாவது சீட்டுக்கட்டில், சேர்த்துக் கலைத்தோம். பையனுக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். இதற்குப் போன ஐந்து நிமிடத்தை ஐம்பது நிமிடச் சுற்றோடு கூட்டிக் கொடுத்தேன்.

ஒரு காலத்தில் இதே தவறுக்கு ஓர் ஆட்டத்தையே இழக்க வேண்டும். இப்போதைய முறைதான் நியாயம் என்பேன். எதிராளி எதை எடுப்பார்? இருப்பதிலேயே நல்லதைத்தான். அந்த இழப்பே போதும், வேண்டுமென்றே கூடுதலாக எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த மூன்றாவது சீட்டு மற்றவற்றோடு சேராமல் தனியாக மேசையில் இருந்திருந்தால், கையைக் காட்ட வேண்டிய அவசியமே வந்திருக்காது. அதை மட்டும் டெக்கில் கலைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். அதனால்தான் சொல்கிறேன்: ஏதோ தப்பு என்று உறைத்த கணமே அப்படியே நிறுத்துங்கள். நீங்களாகச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

இன்னொரு போட்டியில் ஒரு பையன் அதைத்தான் செய்தான். கூடுதலாக வந்த சீட்டை, எதிராளி குனிந்து மதிப்பெண் எழுதும் நேரம் பார்த்து, டெக்கின் மேல் வைத்துவிட்டான். பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிட்டார். ஹெட் ஜட்ஜ், அதாவது போட்டியின் தலைமை நடுவர், அவனைத் தனியே அழைத்துப் பேசியபோது நானும் அருகில் நின்றேன். "ஜட்ஜைக் கூப்பிட்டா தோத்துடுவேன்னு நெனச்சேன்" என்று அழுதான். எச்சரிக்கையோடு முடிந்திருக்க வேண்டியது, தகுதிநீக்கத்தில் முடிந்தது. விதி மீறுகிறோம் என்று தெரிந்தே, ஆதாயத்துக்காகச் செய்தால் அது ஏமாற்று. வயது சின்னது என்பதால் அது மாறாது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எதிரே இருப்பவருக்கும் பொறுப்பு உண்டு. எதிராளி மானாவை (சீட்டை ஆடக் கட்ட வேண்டிய விலை) தவறாகக் கட்டி ஒரு சீட்டை ஆடிவிட்டார், நீங்களும் கவனிக்கவில்லை, ஆட்டம் நகர்ந்துவிட்டது என்றால் உங்களுக்கும் எச்சரிக்கை வரும். பலர் இதற்குக் கோபப்படுகிறார்கள். மேசை இருவர் கண்முன்னும் விரிந்துதானே கிடக்கிறது? ஆனால் கவனித்துவிட்டு, நமக்கு லாபம்தானே என்று பேசாமல் இருந்தால், அது எச்சரிக்கையோடு போகாது, ஏமாற்றுக் கணக்கில் சேரும். எதிராளி தன் சீட்டின் ட்ரிக்கரை (ஏதாவது நடந்தால் தானாக வரும் விளைவை) மறந்தால் மட்டும் நீங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை. அவர் சீட்டு, அவர் பாடு.

எச்சரிக்கையை அலட்சியமாகவும் விடாதீர்கள். பெரும்பாலான ஆட்டத் தவறுகள் ஒரே நாளில் அதே வகையில் மூன்றாம் முறை வந்தால் ஓர் ஆட்டம் போகும். போட்டிக்கு முன் கொடுக்கும் டெக் பட்டியலில் அறுபது சீட்டுக்குப் பதில் ஐம்பத்தொன்பது எழுதிக் கொடுத்தால் முதல் முறையே போகலாம். முந்தின இரவே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இவையெல்லாம் பரிசுப் பணம் வைத்து நடக்கும் கண்டிப்பான போட்டிகளுக்கு. வெள்ளிக்கிழமை மாலை கடையில் ஆடும்போது நாங்கள் சொல்லித்தருவதே அதிகம்.

சரி, ஜட்ஜ் சொன்னதே தப்பு என்று தோன்றினால்? நாங்களும் தவறுவோம். அவர் முழுதாகச் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் "ஹெட் ஜட்ஜிடம் கேட்க வேண்டும்" என்று சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, எங்களுக்கு அதில் வருத்தமும் இல்லை. நானே போய் அழைத்து வருவேன்.