கன்னு வீசுற மாடும் நியோஸ்போராவும்

அஞ்சாறு மாசச் செனை, மாடு நல்லா தீனி திங்குது, காய்ச்சல் இல்ல ஒண்ணும் இல்ல, திடீர்னு ஒருநாள் காலைல பாத்தா கன்னு வீசிக் கெடக்கு, அதாவது மாசம் ஆகாமலே கரு கலைஞ்சு வெளிய விழுந்து கெடக்கு. உடனே வழுக்கி விழுந்திருக்கும், இன்னொரு மாடு முட்டிருக்கும், கரு கலைய வெக்கிற புரூசெல்லா பாக்டீரியாவா இருக்கும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நியோஸ்போரா கேனினம்ங்கிற பேரு மட்டும் யார் வாயிலயும் வராது. ஒரே ஒரு செல் உள்ள ஒட்டுண்ணி, ஆனா உலகம் பூரா பால்மாடு கன்னு வீசுறதுக்கு முக்கியமான காரணங்கள்ல இதுவும் ஒண்ணு.

1984ல நார்வேல நாய்க்குட்டிங்ககிட்டதான் இத மொதல்ல கவனிச்சாங்க, 1988ல தனிப்பேரு வெச்சாங்க. அதுவரைக்கும் டாக்ஸோபிளாஸ்மாங்கிற வேற ஒட்டுண்ணின்னே நெனச்சிட்டு இருந்திருக்காங்க, மைக்ராஸ்கோப்ல ரெண்டும் அவ்ளோ ஒண்ணுபோல இருக்கும். இது முட்டை விடுறது நாய் குடல்லதான்னு தெரியவே 1998 ஆயிடுச்சு.

கிருமி இருக்கிற இளங்கொடியவோ (நஞ்சுக்கொடி) பச்சைக் கறியவோ நாய் தின்னா, அது போடுற பீயில முட்டை வெளிய வரும், ஒண்ணு ரெண்டு நாள்ல, மிஞ்சிப்போனா மூணு நாள்ல, முத்திடும். அது விழுந்த தீவனத்தையோ தண்ணியவோ மாடு எடுத்துச்சுன்னா உள்ள போய் படபடன்னு பெருகும், அப்புறம் எதிர்ப்பு சக்தி வெரட்ட ஆரம்பிச்சதும் மூளையிலயும் தசையிலயும் சின்னக் கூடு கட்டி படுத்துக்கும். ஆயுசுக்கும் போகாது.

மாடு செனையானா வயித்துல இருக்கிற கன்ன ஒடம்பு வெளி ஆளுன்னு நெனச்சு தாக்கக்கூடாது இல்லையா, அதனால எதிர்ப்பு சக்தி கொஞ்சம் அடங்கிப்போகும். செனையோட நடுப்பகுதியில அந்த சமயம் பாத்து இது முழிச்சிக்கிட்டு ரத்தம் வழியா இளங்கொடிக்குப் போய் கன்னையும் புடிக்கும். கன்னுக்கு சொந்தமா எதிர்க்கத் தெம்பு வராத நேரமா இருந்தா செத்துடும், அஞ்சு ஆறு மாசத்துல வீசுறதுதான் அதிகம், சில சமயம் உள்ளயே காஞ்சு மம்மி மாதிரி ஆகி வரும். கடைசி மாசங்கள்ல புடிச்சா பெரும்பாலும் தப்பிச்சிடும், ஆனா கிருமியோட பொறக்கும்.

என்னக் கேட்டா வீசுன கன்ன விட உயிரோட பொறக்குற கன்னுதான் பெரிய தலைவலி. கிருமி இருக்கிற மாடுங்கள்ல நெறைய மாடு வீசவே வீசாது, கொழுகொழுன்னு கிடேரி போடும், சில பண்ணைகள்ல அப்படிப் பொறக்குறதுல 95 சதவீதம் வரைக்கும் கிருமியோடதான் பொறந்திருக்கு. நல்ல கறவை வம்சம்னு அந்தக் கிடேரிய நாமளே பாத்துப் பாத்து வளப்போம், அது தன் கன்னுக்குக் குடுக்கும், அப்புறம் நாயே தேவையில்ல. ஒரே வம்சத்துல அங்கொண்ணு இங்கொண்ணா வீசுனா இந்த வழின்னு சந்தேகப்படலாம், கொஞ்ச நாளைக்குள்ள கொட்டகையில பல மாடு வரிசையா வீசுனா அப்ப தீவனத்தையும் நாயையும் பாக்கணும். மாட்டுக்கு மாடு நேரா ஒட்டாது.

நம்மூர்ல இளங்கொடிய சாக்குல சுத்தி ஆலமரத்துல கட்டுவாங்களே, பால் நல்லா சுரக்கும்னு நம்பிக்கை. பால் விஷயம் எப்படியோ, நாய்க்கு எட்டாதுங்கிற வரைக்கும் நல்லதுதான்.

இத முழுசா ஒழிக்கிற மருந்து மாட்டுக்கு இல்ல. ஒரு தடுப்பூசி வித்தாங்க, பலன் பத்தலன்னு அதுவும் போயிடுச்சு. ஸ்பெயின்ல கிருமி இருக்கிற பால்மாட்டுக்கு கறி ஜாதிக் காளையோட சினை ஊசி போட்டுப் பாத்தாங்க, வீசுறது கொறஞ்சிருக்கு, பொறக்குற கன்னும் கறிக்குப் போயிடுறதால வம்சத்துல சேராது. ரொம்ப ஒசத்தி மாடுன்னா ஆரம்பத்துலயே கருவ எடுத்து கிருமி இல்லாத மாட்டு வயித்துல வெச்சிடுவாங்க.

இன்னொண்ணு, மாட்டு ரத்தத்துல பாசிட்டிவ்னு வந்தா கிருமி இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், இந்தக் கன்னு இதனாலதான் வீசுச்சுன்னு சொல்ல வீசுன கன்னையே ஐஸ்ல வெச்சு லேபுக்கு அனுப்பணும், முக்கியமா மூளையத்தான் பாப்பாங்க.