ஃபேரிடேல் ஓபரா: தமிழ்ல எப்படிச் சொல்றது?

மாயக்கதையைப் பாட்டாவே மேடையேத்துற ஃபேரிடேல் ஓபரான்னதும் நம்மாளுங்க 'தேவதைக் கதை ஓபரா'ன்னு எழுதிடறாங்க. தேவதை எங்கப்பா இருக்கு அதுல? ரஷ்யாக்காரங்க வெச்ச பேரு ஓபரா-ஸ்காஸ்கா. 'ஸ்கஸாத்'னா சொல்றது, அதுல இருந்து வந்ததுதான் ஸ்காஸ்கா. நம்ம 'கதை'யும் சமஸ்கிருதத்துல சொல்றதுங்கிற வேர்ல இருந்து வந்ததுதான், அதனால கதைன்னு போட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. ஓபரா இத்தாலிச் சொல்லு, அர்த்தம் வெறும் 'வேலை, படைப்பு', பாட்டுங்கிற பேச்சே அதுல கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்ஸகோவ் தன்னோட கடைசி ஓபரா 'தங்கச் சேவல்'க்குப் போட்ட அடைமொழி, 'நெபிலீத்ஸா'. 'நே'ன்னா இல்ல, 'பில்'னா நடந்தது, ஆக நடக்காத சங்கதி, நம்ம பாஷைல கட்டுக்கதை. சோம்பேறி ராஜாவைக் கிண்டல் பண்ற கதையாச்சே, இதெல்லாம் நடக்கவே இல்லைங்கன்னு முன்னாடியே சொல்லிக்கிட்டாலும் சென்சார் விடல, 1909ல மாஸ்கோவுல மேடையேறுறதுக்குள்ள மனுஷன் போயே சேர்ந்துட்டாரு.

'மாயக்கதை இசைநாடகம்'னு சொல்லலாம்னு எனக்குத் தோணுது. ஆனா இசைநாடகம்னா இங்க சங்கரதாஸ் சுவாமிகளோட வள்ளி திருமணம்தான் ஞாபகம் வரும், அதுல நடுநடுவுல வசனம் பேசுவாங்க, இந்த ரஷ்ய ஓபராக்கள்ல பெரும்பாலும் எல்லாமே பாட்டுதான்.

இந்த ஓபராக்களுக்கும் பொம்மலாட்டத்துக்கும் கூட ஒரு தொடர்பு இருக்கு. 1914ல பாரிஸ்ல தியாகிலெவோட ரஷ்ய பாலே நடனக் குழு தங்கச் சேவலைப் போட்டப்ப, பாடறவங்களை ரெண்டு பக்கமும் அடுக்கடுக்கா உட்கார வெச்சிட்டு நடுவுல டான்ஸர்ஸை நடிக்க விட்டாங்க, ஓவியர் கொன்சரோவா நாட்டுப்புறப் படங்கள் பாணில செட்டு போட்டாங்க. குரல் ஒரு ஆள், உடம்பு இன்னொரு ஆள், பாவைக்கூத்து கணக்குதான். ரிம்ஸ்கி குடும்பத்துக்கு இது சுத்தமா பிடிக்கல.

ரெண்டே நாள்ல அதே ஊர்ல இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியோட 'நைட்டிங்கேல்' ஓபரா வந்துச்சு, கதை டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனோடது. 2009ல டொராண்டோவுல கனடா இயக்குநர் ராபர்ட் லெபாஜ் அதை மேடையேத்தினப்ப ஆர்க்கெஸ்ட்ராவை மேடைக்கு ஏத்திட்டு அவங்க உட்கார்ற பள்ளத்துல தண்ணி ரொப்பிட்டாரு, பாடறவங்க இடுப்பளவு தண்ணில நின்னு அவங்கவங்க பாத்திரத்தோட பொம்மையை அவங்களே ஆட்டிக்கிட்டே பாடினாங்க. ஐடியா வியட்நாமோட தண்ணிப் பொம்மலாட்டத்துல இருந்து வந்தது, அங்க பொம்மையைத் தாங்குற நீண்ட கோலைத் தண்ணிக்கடியில மறைச்சு வெச்சு ஆட்டுவாங்க. பொம்மலாட்டம்னா நமக்கு நூல்தான் ஞாபகத்துக்கு வரும்ங்கிறதால இதை 'நீர்ப்பாவை'ன்னு எழுதுறதுதான் சரி.