"இதெல்லாம் போட்டோஷாப்தானே?"

காலையில் காபி ஆறுவதற்குள் ஒரு படம் பார்த்துவிடுவது என் பழக்கம். நாசா தளத்தில் தினமும் வரும் 'அன்றைய வானியல் படம்'. ராபர்ட் நெமிராஃப், ஜெரி பானல் என்ற இரண்டு வானியலாளர்கள் 1995 ஜூன் 16 அன்று தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒரு படம், கீழே சில வரிகளில் விளக்கம், அவ்வளவுதான். பிடித்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவேன். அங்கேதான் சித்தப்பா ஒரு நாள் கேட்டார்: "ஏம்ப்பா, இதெல்லாம் போட்டோஷாப்தானே?"

"ஆமா சித்தப்பா, போட்டோஷாப்தான். ஆனா பொய் இல்ல" என்று பதில் போட்டேன். மீதியை வாட்ஸ்அப்பில் எழுத முடியாது. அதனால் இங்கே.

அன்று நான் அனுப்பியிருந்தது 'படைப்பின் தூண்கள்'. கழுகு நெபுலா என்ற பிரமாண்டமான வாயு, தூசு மேகத்துக்குள் யானைத் தும்பிக்கை போல எழுந்து நிற்கும் மூன்று தூசு மேகங்கள். இடதுபுறத் தூணின் உயரம் மட்டுமே சில ஒளியாண்டுகள். பூமியிலிருந்து தூரம் சுமார் 6500 ஒளியாண்டு. 1995 ஏப்ரல் 1 அன்று ஜெஃப் ஹெஸ்டர், பால் ஸ்கோவன் இருவரும் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டு எடுத்தார்கள். 'எடுத்தார்கள்' என்று சொன்னாலும், நம் செல்போனில் எடுப்பது போல ஒரே கிளிக் இல்லை. 32 தனித்தனிப் படங்களைச் சேர்த்துச் செய்த படம் அது. அந்த 32-ல் ஒன்றில்கூட நிறம் கிடையாது.

அந்தப் படத்தை எடுத்த ஹப்பிளின் அன்றைய கேமராவுக்கு நிறம் தெரியாது. உள்ளே 800க்கு 800 கட்டங்கள் கொண்ட, ஒளியை உணரும் ஒரு சில்லு. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்று எண்ணும், எண்ணிக்கையை எழுதிவைக்கும். இப்படி நான்கு சில்லுகள். பூமிக்கு வந்து சேர்வது படம் இல்லை, எண்களின் பட்டியல்.

நிறத்தைக் கொண்டுவருவது ஃபில்டர். கோயில் திருவிழாவில் டியூப் லைட்டுக்கு மேல் சிவப்பு, பச்சை என்று கண்ணாடித்தாள் சுற்றுவார்களே, அதே வேலைதான். ஆனால் இந்த ஃபில்டர் மகா கறாரானது. ஒன்று ஹைட்ரஜன் வெளியிடும் 656 நானோமீட்டர் அலைநீள ஒளியை மட்டும் உள்ளே விடும். இன்னொன்று கந்தகத்தின் 673-ஐ ஒட்டிய ஒளியை. மூன்றாவது ஆக்ஸிஜனின் 501-ஐ. ஒவ்வொரு ஃபில்டரையும் போட்டு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதையும் ஒரு முறைக்கு மேல் எடுப்பார்கள். காரணம் காஸ்மிக் கதிர்கள். விண்வெளியில் பாய்ந்து வரும் இந்தத் துகள்கள் சில்லில் இடித்து, உப்பைக் கொட்டியது போல வெள்ளைப் புள்ளிகளைத் தூவிவிட்டுப் போகும். ஒரு படத்தில் மட்டும் இருக்கிறது, மற்றதில் இல்லை என்றால் அந்தப் புள்ளி விண்மீன் இல்லை. அடித்துவிடலாம்.

அப்புறம்தான் சித்தப்பா சந்தேகப்படும் கட்டம். மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களுக்கும் ஆளுக்கொரு நிறம் கொடுக்க வேண்டும். அலைநீளம் அதிகமான கந்தகத்துக்குச் சிவப்பு, நடுவில் இருக்கும் ஹைட்ரஜனுக்குப் பச்சை, குறைவான ஆக்ஸிஜனுக்கு நீலம். வரிசை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் உண்மையில் கந்தகத்தின் ஒளியும் சிவப்பு, ஹைட்ரஜனின் ஒளியும் சிவப்பு. இருக்கிறபடியே போட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. எது எங்கே என்று காட்டத்தான் இந்த ஏற்பாடு. வரைபடத்தில் அடுத்தடுத்த மாவட்டங்களுக்கு வேறு வேறு நிறம் பூசுகிறார்களே, அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

"சரி, நேரில் போய்ப் பார்த்தால் என்ன நிறத்தில் இருக்கும்?" இதுவும் சித்தப்பா கேட்டதுதான், நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். மார்கழி இரவில் மொட்டை மாடிக்குப் போய், திருவாதிரை விண்மீன் இருக்கும் ஓரியன் கூட்டத்தைத் தேடுங்கள். நடுவில் வரிசையாக மூன்று விண்மீன்கள். அதற்குக் கீழே தொங்கும் வாளில் ஓரியன் நெபுலா. படங்களில் ரோஜா நிறத்தில் பூத்துக் கிடக்கும். பைனாகுலரில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மூச்சுக்காற்றுத் தடம். மங்கலான ஒளியில் நம் கண்ணின் கூம்பு செல்கள் கைவிட்டுவிடும், குச்சி செல்கள் மட்டும்தான் வேலை செய்யும். அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. ஹைட்ரஜனின் அந்தச் சிவப்பு ஏறக்குறைய தெரியவே தெரியாது. ஆக, கேமரா கூட்டிச் சொல்கிறது என்பதைவிட, கண் குறைத்துச் சொல்கிறது என்பதே சரி.

தூண்களைக் காட்டும் அந்த ஹப்பிள் படத்தின் மேல்மூலையில் படிக்கட்டு போல ஒரு துண்டு வெட்டுப்பட்டிருக்கும். பல வருடம் அதை யாரோ அழகுக்காக வெட்டியதாக நினைத்திருந்தேன். நான்கு சில்லுகளில் ஒன்று மட்டும் கூடுதல் உருப்பெருக்கத்தில், குறைந்த பரப்பைப் பார்க்கும். மற்ற மூன்றின் அளவுக்கு அதைச் சுருக்கி ஒட்டினால் ஓரத்தில் இடம் காலியாக நிற்கும். அதுதான் படிக்கட்டு. ஒளிக்காமல் கறுப்பாக அப்படியே விட்டுவிட்டார்கள். எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்த பகுதி அந்தக் காலியிடம்தான்.

இதே தூண்களை 2022-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் எடுத்தது. அது பார்ப்பது அகச்சிவப்பு ஒளியில். ஹப்பிளில் சுவர் போல நின்ற தூசு இதில் பாதி கரைந்து, பின்னால் ஒளிந்திருந்த விண்மீன்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருகின்றன. கண்ணுக்கே தெரியாத ஒளிக்கு 'உண்மையான நிறம்' என்ற பேச்சே இல்லை. அங்கும் அதே வரிசைதான்: நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம்.

விளக்கத்தைப் படிக்காமலே எந்தத் தொலைநோக்கி என்று கண்டுபிடிப்பது எங்கள் வீட்டு விளையாட்டு. பிரகாசமான விண்மீனைச் சுற்றி முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கோடுகளை எண்ணினால் போதும். ஹப்பிள் என்றால் நான்கு. இரண்டாவது கண்ணாடியைத் தாங்கும் நான்கு கம்பிகளில் ஒளி வளைவதால் வருவது. வெப்பின் கண்ணாடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது, அதனால் ஆறு பெரிய முட்கள். தாங்கும் கம்பிகளால் கிடையாக இன்னும் இரண்டு சின்ன முட்கள். மொத்தம் எட்டு. சித்தப்பா இப்போது இதில் என்னைவிடத் தேர்ந்துவிட்டார்.

அந்தத் தைரியத்தில் தூண்களை நாமே செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஹப்பிளின் மூலக் கோப்புகள் இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். 'ஃபிட்ஸ் லிபரேட்டர்' என்ற இலவச மென்பொருளில் முதல் கோப்பைத் திறந்தேன். திரை முழுக்கக் கறுப்பு. அங்கங்கே நாலு வெள்ளைப் புள்ளிகள். கோப்பு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கெடவில்லை. கோடீஸ்வரர் ஒருவரின் வருமானத்தையும் தெருவில் உள்ள எல்லோருடைய வருமானத்தையும் ஒரே பட்டை வரைபடத்தில் போட்டால் என்ன தெரியும்? ஒரு பட்டை உச்சியில், மற்றவை தரையோடு தரையாக. விண்மீன் கோடீஸ்வரர், வாயு மேகம் தெருக்காரர்கள். எண்களை மடக்கை (log) அளவில் மாற்றச் சொன்னதும், கறுப்புக்குள்ளிருந்து தூண்கள் மெல்ல எழுந்து வந்தன. பத்து நிமிடம் வேறு எதுவும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று கோப்புகளுக்கும் நிறம் கொடுத்துச் சேர்த்தேன். வந்தது ஒரே பச்சை. நெபுலாவில் மற்ற இரண்டையும்விட ஹைட்ரஜனின் ஒளிதான் மிக அதிகம். அதற்குப் பச்சை கொடுத்தால் வேறு என்ன வரும்? படம் செய்பவர்கள் இந்த இடத்தில் பச்சையைக் குறைத்து மற்ற இரண்டையும் தூக்கிவிடுவார்கள். எனக்குப் பொறுமை இல்லை, வந்ததை அப்படியே குழுவில் போட்டேன்.

சித்தப்பாவிடமிருந்து உடனே பதில்: "இது உண்மைதாம்ப்பா, நம்புறேன். எங்க வீட்டுக் கொத்தமல்லிச் சட்னி இதே கலர்தான்."